சிவப்பு எழுத்து வேண்டாம்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

நலமா என்று கேட்டால் நடிக்கிறேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்து எட்டு மாதம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் இப்படி எழுதுகிறேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பலாமா என்று முதலில் யோசித்தேன். அவர் பிரித்துப் படித்துவிட்டு, உன்னிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவார் என்று தோன்றியதால் வீட்டுக்கே அனுப்புகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெண் பதினோரு மாதக் குழந்தையோடு என் அறைக்கு வந்தாள். குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று வேறு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். "பொறந்த மறுநாளே நீங்கதானே காதுல மெஷின் வச்சுப் பாத்தீங்க. பிரச்சினைன்னா கூப்பிடுவோம்னு சொன்னீங்க. ஏன் கூப்பிடல?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

தேடிப் பார்த்தோம். குழந்தையின் ஃபைல் இருக்கிறது. அதற்குள் 'மறுசோதனை தேவை' என்று கருவி எழுதியும் இருக்கிறது. ஆனால் நீ கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் தரும் பட்டியலில் அந்தக் குழந்தை இல்லை. பட்டியலில் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நாளைக்கு வேறு யாராவது இதைப் படித்தாலும் புரிய வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு ஃபைல். ஒரு மாதத்து ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில். முடிவைக் கருவி எனக்குக் காட்டாது. சோதிக்கிறவள் தாயிடம் வாய்விட்டுவிடக் கூடாது என்று இங்கே விதி. மாதக் கடைசியில் நான் உன் ஸ்கிரிப்டை ஓட்டுவேன். அது ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, குழந்தைக்கு ஒரு வரி என்று பட்டியல் போடும். கூப்பிட வேண்டிய குழந்தைக்கு எதிரே நட்சத்திரம் போடும். கடைசியில் பச்சை எழுத்தில் 'எல்லாம் முடிந்தது' என்று வரும். இரண்டு வருஷமாக ஒரு மாதம் தவறாமல் வந்திருக்கிறது.

விசாரணை ஏப்ரல் 10 அன்று. அதுவரை நான் யாரையும் சோதிக்கக் கூடாதாம். என் நாற்காலியில் இப்போது சாவிக்கொத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளை உனக்கு நினைவிருக்கும், இடுப்பில் எல்லா அலமாரிச் சாவியும் தொங்கவிட்டுத் திரிவாளே. "அவங்க கை பட்ட குழந்தைதான் காணோம்" என்று பிரிவுத் தலைவர் காதில் போட்டது அவள்தான். பதினாறு வருஷத்து வேலை இந்த ஒரு பேச்சில் போய்விடும் போலிருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். சண்டை போட்டுவிட்டுப் போகிற கோபத்தில் அந்த ஸ்கிரிப்டில் ஏதாவது செய்துவிட்டுப் போனாயா? உன்னைத் தவிர அதில் கைவைக்கத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. ஆறு பக்கமும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வாசலில் நின்று நீ சொன்னதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

எட்டு மாதம் கழித்து முதல் கடிதம். அதில் முதல் பக்கமே குற்றப்பத்திரிகை. உன்னிடம் வேறு எதையும் எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான்.

நான் எதையும் செய்யவில்லை. கோபம் வந்தால் நம்பரைத் தடுப்பேன், யாரோ பெற்ற குழந்தையின் காதில் போய்ப் பழி தீர்க்க மாட்டேன். இதை எழுத்திலேயே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். போனில் பேசாமல் நானும் எழுதுவதற்குக் காரணம் அதுதான். சொல்லாததைச் சொன்னேன் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஆறு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். நான் எழுதிய மாதிரியேதான் இருக்கிறது, யாரும் மாற்றவில்லை. அதனால் என் சந்தேகம் ஸ்கிரிப்ட் மேல் இல்லை, ஃபோல்டர் மேல். நீ ஃபைல்களை இழுத்து இங்கும் அங்கும் போடுகிற ஆள். ஒரு தடவை மொத்த மாதத்தையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டு "தானா போயிடுச்சு" என்றாயே, அதை நான் மறக்கவில்லை.

எந்த ஸ்கிரிப்டும் தப்பாகப் போனால் முதலில் எண்ண வேண்டும். அந்தப் பெண்ணின் குழந்தை பிறந்த மாதத்து ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று எண்ணு. அதே மாதத்துப் பட்டியலில் எத்தனை வரி என்று எண்ணு. இரண்டையும் எனக்கு எழுது. எதையும் திறக்காதே, பெயர் மாற்றாதே, நகர்த்தாதே. அந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும் என்றும் எழுது.

என் பிள்ளை சிட்டு நன்றாக இருக்கிறாள், நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மேல்வீட்டில் ஒரு மாதமாகத் தரையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மண்டை வெடிக்கிறது, அவள் பாட்டுக்கு மத்தியானம் முழுவதும் தூங்குகிறாள். அவ்வளவு சமத்து. அவள் தலைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க இங்கே யாரும் இல்லாததால் நிம்மதியாகவும் இருக்கிறாள்.

தங்கை

பிப்ரவரி 20

தங்கைக்கு,

எண்ணினேன். ஃபைல் நாற்பத்தாறு. பட்டியலில் நாற்பத்துநாலு வரி. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன், சாவிக்கொத்தை விட்டும் எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதுவேதான் வந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போனதில் காணாமல் போன இரண்டும் தெரிந்தன. ஒன்று அந்தப் பெண்ணின் குழந்தை. இன்னொன்றும் நான் சோதித்தது. அந்த மாதம் சாவிக்கொத்து சோதித்த இருபத்தொரு குழந்தையும் ஒன்று குறையாமல் பட்டியலில் இருக்கின்றன. எல்லாம் ஒரே ஃபோல்டர், ஒரே ஸ்கிரிப்ட். அதற்கு மட்டும் என் கை எது, அவள் கை எது என்று எப்படித் தெரிந்தது?

கடவுச்சொல் எனக்கும் அவளுக்கும் பிரிவுத் தலைவருக்கும் தெரியும். திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறது, அதனால் தரை துடைக்கிறவருக்கும் தெரியும்.

இனி நீ கோபப்படப் போகும் விஷயம். உன் ஆறு பக்கத்தின் நகலை எங்கள் ஒயர்காரரிடம் காட்டினேன். பிரிண்டர், ஒயர், நெட்வொர்க் எல்லாம் பார்ப்பவர். நாலாம் பக்கத்தில் ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார். 'பாஸ்' என்று ஒரே வார்த்தை, ஒரு வரி முழுக்க அது மட்டும். அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு ஃபைல்ல என்ன தப்பு நடந்தாலும் மூச்சு விடாம அடுத்ததுக்குப் போயிடுன்னு அர்த்தம். இதை எழுதுனவங்களுக்கு உங்க மேல என்ன கோபம்?"

நீ ஸ்கிரிப்ட் எழுதியபோது நமக்குள் சண்டையே இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு தடவை படித்தேன் என்று எழுதியிருந்தாயே. அந்த வார்த்தை உன் கண்ணில் படவே இல்லையா, பட்டும் எழுதாமல் விட்டாயா?

அக்கா

மார்ச் 1

அக்கா,

பட்டது. எழுதாமல் விட்டேன். ஏன் என்று சொல்கிறேன், அந்த ஒயர்காரருக்கும் வாசித்துக் காட்டு.

முதன்முதலில் ஸ்கிரிப்டை ஓட்டிய நாளை நினைத்துப் பார். ஏதோ ஒரு ஃபைலில் சிக்கி நின்றது, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நான் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். "ஐயோ, இது என்னடி ரத்தமா கொட்டுது. எனக்கு நெஞ்சு படபடங்குது. சிவப்பு எழுத்து வேண்டாம், அது வராம பண்ணு" என்றாய். சிவப்பு வருவது நல்லது அக்கா, எங்கே தப்பு என்று அதுதான் சொல்கிறது என்றேன். "எனக்குப் பாடம் எடுக்காதே. நான் கேட்டதைச் செஞ்சு கொடு" என்றாய். அதுவும் சாவிக்கொத்து முன்னால். வந்த கோபத்தில் அந்த ஒரு வார்த்தையைப் போட்டேன். சிவப்பு நின்றது. பச்சை வந்தது. உனக்கும் பரம திருப்தி, டீ வாங்கிக் கொடுத்தாய்.

அதனால் அந்த வார்த்தையை முழுக்க என் தலையில் கட்டாதே. கேட்டது நீ, போட்டது நான். இந்தக் கடிதத்தை விசாரணையில் நீட்டுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்கு வேண்டியது ஸ்கிரிப்ட் சரியாவது இல்லை, நான் ஒப்புக்கொண்டதாக ஒரு கையெழுத்து. அப்படித்தானே? இங்கே என்னை வேலைக்கு எடுத்ததே அந்த ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான். அதில் ஓட்டை என்று நானே கையெழுத்துப் போட்டால் என் நாற்காலியும் ஆடும்.

ஆனால் 'பாஸ்' தப்பை மறைக்கத்தான் மறைக்கும், தப்பை உண்டாக்காது. அந்த இரண்டு ஃபைலில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஸ்கிரிப்ட் சிக்குகிறது. அது என்ன என்று ஸ்கிரிப்டையே பேச வைப்போம். முதலில் ஃபோல்டரையும் ஸ்கிரிப்டையும் நகல் எடு. மூலத்தைத் தொடாதே, நகலில்தான் எல்லாம். அந்த வார்த்தையை அழித்துவிட்டு, துண்டுச்சீட்டில் எழுதியிருக்கும் இரண்டு வரியை அதே இடத்தில் தட்டு. சிக்குகிற ஃபைலின் பெயரையும் காரணத்தையும் அது திரையில் எழுதும். இடது ஓரத்து இடைவெளியையும் நான் எழுதியிருக்கும் அளவுக்கு விட வேண்டும். சிவப்பு வந்தால் பயப்படாதே, கூட உட்கார நான் இல்லை.

சிட்டு இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. பதினாலு மாதம் முடிந்துவிட்டது. அவர் வீட்டில் எல்லோரும் தாமதமாகத்தான் பேசினார்களாம். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரியை அடித்தால் தாள் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

தங்கை

மார்ச் 9

தங்கைக்கு,

முதல் தடவை ஓட்டியதும் ஸ்கிரிப்ட் கிளம்பவே மாட்டேன் என்றது. என்னை முட்டாளாக்க வேண்டுமென்றே தப்பான வரியை எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டுச்சீட்டில் இடைவெளியை எண்ணினேன். எட்டு. நான் ஏழுதான் விட்டிருந்தேன். திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை ஓடியது. சிவப்பு வந்தது. படபடப்பும் வந்தது. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டு, திரும்பி வந்து படித்தேன். இரண்டு ஃபைலுக்கும் ஒரே காரணம்: பெயர் இல்லை.

அந்த இரண்டையும் நகலில் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய வரியே காணோம். ஒயர்காரர் எங்கள் இரண்டாவது கருவியை வைத்துச் சோதித்துக் காட்டினார். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் கருவி அந்த வரியை எழுதாமலே போய்விடுகிறது. உன் ஸ்கிரிப்ட் பெயரைத் தேடித் தடுமாறி, சத்தம் போடாமல் அடுத்த குழந்தைக்குப் போய்விடுகிறது.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறவள் இந்த அறையில் ஒருத்திதான். நான்தான்.

சாவிக்கொத்து எல்லாருக்கும் 'குழந்தை' என்று தட்டிவிட்டுப் போவாள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரே நாளில் பதினோரு 'குழந்தை'. இரண்டு பேரின் முடிவு மாறிப்போய், நன்றாக இருந்த குழந்தையை ஆறு வாரம் அலைய விட்டோம். அன்றைக்கு முடிவு செய்தேன், தாய் வாயால் பெயரைச் சொல்லாமல் எதையும் எழுதுவதில்லை என்று. பெயர் முடிவாகவில்லை என்றால் காலியாக விடுவேன், பதிவு எண் இருக்கிறதே, அது போதும். எல்லாரையும்விடக் கவனமாக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்தக் கவனம்தான் குழந்தைகளை விழுங்கியிருக்கிறது.

சிவப்பு வேண்டாம் என்று சொன்னேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்ததும் நினைவு வந்துவிட்டது.

ஆனால் விசாரணையில் என்ன சொல்வார்கள் தெரியுமா? கட்டத்தைக் காலியாக விட்டவள் நீ, ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்பார்கள். ஒரு ஃபைல் சிக்கினால் ஸ்கிரிப்ட் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதியவளே சொன்னால்தான் எடுபடும். ஆமாம், கையெழுத்துதான் கேட்கிறேன். நீ போட மாட்டாய் என்றும் தெரியும்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

கையெழுத்துப் பேச்சை இப்போதைக்கு நிறுத்து. நீ ஒரு மாதத்தைத்தான் ஓட்டியிருக்கிறாய். இரண்டு வருஷத்து ஃபோல்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் இல்லாத குழந்தைகள் இருக்கும். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். பெயர் இல்லாவிட்டால் பதிவு எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரிகள். இதைச் சேர்த்தால் ஸ்கிரிப்ட் எந்த ஃபைலையும் விடாது. எல்லா மாதத்தையும் ஓட்டு. விட்டுப்போன குழந்தைகளில் யாருக்கெல்லாம் நட்சத்திரம் விழுகிறதோ, அவர்களின் பட்டியலை எனக்கு அனுப்பு. பதிவு எண், சோதித்த தேதி, எந்தக் காது. முதலில் மொத்த எண்ணிக்கையை எழுது, பிறகு பட்டியல். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவேன். உன்னை இல்லை, ஸ்கிரிப்டை.

சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பர் ஃபோல்டரை முதலில் ஓட்டு. காரணம் கேட்காதே.

சிட்டுவைச் சோதித்த மாதம் நான் கேட்டபோது, பட்டியலைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் இல்லை என்றாய். அவள் வரியைப் பார்த்தாயா, நட்சத்திரங்களை மட்டும் பார்த்தாயா? பூசி மெழுகாமல் பதில் எழுது.

தங்கை

மார்ச் 22

தங்கைக்கு,

எல்லா மாதமும் ஓட்டினேன். மூலத்தைத் தொடவில்லை. இடைவெளிகளை எண்ணித்தான் தட்டினேன். இரண்டு வருஷத்தில் ஸ்கிரிப்ட் விட்டுவிட்ட குழந்தைகள் ஐம்பத்தேழு. அதில் நட்சத்திரம் விழுந்தவர்கள் பத்தொன்பது. பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

போனில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சோதிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலு வீட்டில் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கிறார்கள். ஒரு அப்பா நான் பேசி முடித்ததும் தேங்க்ஸ் என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம். சாவிக்கொத்து பக்கத்தில் உட்கார்ந்து நம்பர்களைத் தேடித் தருகிறாள். நேற்றுச் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. அவளைப் பற்றி நான் எழுதியதில் பாதியை அடித்துவிடு, மீதி இருக்கட்டும்.

டிசம்பரை முதலில் ஓட்டச் சொன்னாய். நான் வரிசையாகத்தான் ஓட்டினேன்.

நட்சத்திரங்களை மட்டும்தான் பார்த்தேன். அவள் வரி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பச்சை எழுத்து வந்திருந்தது, அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

சிட்டு எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவாள்? நீ கூப்பிட்டால் உன் கண்ணைப் பார்ப்பாளா, வாயைப் பார்ப்பாளா? கதவு திறக்கிற சத்தத்துக்குத் திரும்புவாளா, வெளிச்சம் மாறுவதற்குத் திரும்புவாளா? சும்மாதான் கேட்கிறேன்.

கையெழுத்துக்கு அவசரம் இல்லை. அதைப் பற்றி யோசித்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. முடிந்தால் என் நம்பரை மட்டும் திறந்து விடு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

பட்டியலை எண்ணினேன். பதினெட்டு.

அவசரத்தில் விட்டிருப்பாய் என்று மறுபடி எண்ணினேன். பேனாவால் டிக் அடித்தும் எண்ணினேன். நீ பத்தொன்பது என்று எழுதியிருக்கிறாய். பட்டியலில் பதினெட்டுதான் இருக்கிறது. டிசம்பரில் ஒன்றுகூட இல்லை. ஐம்பத்தேழு குழந்தையைத் தேடி எடுத்தவள் ஒரு வரியைத் தவறவிட மாட்டாய். உனக்குக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

அந்த டிசம்பரில் அவளுக்குப் பெயர் இல்லை. நானும் அவரும் பெயருக்காக இரண்டு மாதம் சண்டை போட்டோம். நீ சோதிக்க வந்தபோது "பேர் சொல்லுடி, எழுதிக்கிறேன்" என்றாய். "இன்னும் முடிவாகல, நீயே ஏதாவது போட்டுக்கோ" என்றேன். "நானா போட மாட்டேன்" என்று கட்டத்தைக் காலியாக விட்டாய். போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தைப் படித்தபோதே இது எனக்கு நினைவு வந்துவிட்டது. அதனால்தான் டிசம்பர் என்று எழுதினேன். நீ இல்லை என்று பதில் எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

நேற்றுக் காலை அவள் கூடத்தில் உட்கார்ந்து டப்பாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று, பெரிய எவர்சில்வர் தட்டைத் தலை உயரத்திலிருந்து கீழே போட்டேன். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "என்னம்மா சத்தம், யாராவது விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. மூன்றாவது டப்பாவை அடுக்கி முடித்தாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் நீ அவள் பின்னால் நின்று கைதட்டினாய். இரண்டு தடவை தட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். "பிள்ளை இல்லாதவளுக்கு என் பிள்ளையில என்ன குறை தேடுற வேலை" என்று கேட்டேன். நீ எழுத மாட்டேன் என்று விட்டதை நானே எழுதிவிடுகிறேன். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பத்து மாதமாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். உன்னைத்தான் பழிவாங்கினேன் என்று நீ சந்தேகப்பட்டாய். நான் எழுதிய வார்த்தை என் வீட்டுக்கே வந்திருக்கிறது.

இதோடு இருக்கும் தனித்தாள் விசாரணைக்கு. ஒரு ஃபைல் சிக்கினால் அதைச் சொல்லாமல் விடும்படி எழுதியது நான், கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சோதிக்காமல் கொடுத்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே என் மேலாளரிடமும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். இங்கே ஓடும் ஸ்கிரிப்டுகளில் அந்த வார்த்தை ஏழு இடத்தில் இருந்தது. ஏழையும் எடுத்துவிட்டேன். காலையிலிருந்து ஒரே சிவப்பு. என்ன முடிவு என்று மேலாளர் இன்னும் சொல்லவில்லை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது. எழுது. எங்கே, எப்போது கொண்டு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

தங்கை

ஏப்ரல் 11

தங்கைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். சரியான இடத்தில் தேதி கிடைக்காமல் எழுத மனசு வரவில்லை.

நேற்று விசாரணை முடிந்தது. உன் தாளைக் கொடுத்தேன். அதன் கீழேயே என் தாளையும் வைத்துக் கொடுத்தேன். சிவப்பு எழுத்து வேண்டாம் என்று சொன்னது நான், பட்டியலை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்காததும் நான் என்று. பிரிவுத் தலைவர் இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தப் பாக்கறீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். போன மாதம்வரை எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்றேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது. இனி மாதாமாதம் எண்ணிக் கையெழுத்துப் போடுவது நானும் சாவிக்கொத்தும்.

ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, இரண்டாம் மாடி. முழுச் சோதனை. எங்கள் டாக்டர் கூடவே இருப்பார். பதினாறு மாதம் தாமதம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலம் கடந்துவிடவில்லை என்று அவர் சொன்னார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சொன்னார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. ரயில் நேரத்தை எழுது, வந்து நிற்கிறேன். அன்று வாசலில் நடந்ததைப் பற்றி நீ ஒன்றும் பேச வேண்டாம். நானும் பேசப் போவதில்லை. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவளைத் தூக்கிக்கொள்ள எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

பதிவுப் படிவத்தை இன்றைக்கே நிரப்பிவிட்டேன். பிறந்த தேதி, பதிவு எண், தாய் பெயர், தந்தை பெயர் எல்லாம் எழுதியாகிவிட்டது. அவள் பெயர் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கட்டத்தை விட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து சொல், எழுதிக்கொள்கிறேன்.

அக்கா